கோழிக்குஞ்சு பார்க்கப் போன நேரம்

சின்னு,

இதை நீ படிக்கும்போது உனக்கு மீசை முளைத்திருக்கும். யாரோ ஒரு பெண்ணோடு உனக்குக் கல்யாணம் பேசியிருப்பார்கள், அல்லது நீயே பேசி முடித்திருப்பாய். இப்போது உனக்கு நாலரை வயது. பாயில் குறுக்காகப் படுத்து, ஒரு காலை என் தலையணைமேல் போட்டுத் தூங்குகிறாய். நான் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு வேதியியல் நோட்டின் பின்பக்கங்களில் எழுதுகிறேன். பரீட்சைக்குப் படிப்பதாகச் சொல்லியிருக்கிறேன். அம்மாவோ அப்பாவோ எழுந்து வந்து நோட்டைப் பார்த்தால் என்ன சொல்வது என்று தெரியவில்லை. இரண்டு வரி எழுதுவதும், நிறுத்திக் காது கொடுப்பதுமாக இருக்கிறேன். விடிந்ததும் ஆறேகால் பஸ்ஸில் உன்னைப் பெங்களூருக்குக் கூட்டிப்போகிறார்கள். உனக்கு அது தெரியாது. உனக்குத் தெரியக் கூடாது என்பதுதான் ஏற்பாடு.

நான் உன் அக்கா. உன்னைப் பெற்றவள் இல்லை. ஆனால் பெற்றவர்கள் பிள்ளைகளுக்கு எழுதுவதுபோலத்தான் இதை எழுதவேண்டியிருக்கிறது, ஏனென்றால் உன்னைப் பற்றி எனக்குத் தெரிந்தவை வேறு யாருக்கும் தெரியாது. உனக்கு ஒரு வயது எட்டு மாதம் ஆனபோது அம்மாவும் அப்பாவும் மறுபடி பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனார்கள். அப்பா சென்டரிங், அம்மா சித்தாள். பக்கத்து வீட்டில் பெரியம்மா இருக்கிறாள், சோறு கொடுப்பாள், ராத்திரி வந்து எட்டிப் பார்ப்பாள். மற்றபடி உன்னைக் குளிப்பாட்டியது, பால்வாடியில் விட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஓடியது, காய்ச்சலில் ராத்திரியெல்லாம் நெற்றியைத் தொட்டுப் பார்த்தது எல்லாம் நான். அப்போது நான் ஒன்பதாம் வகுப்பு. இப்போது பிளஸ் டூ. உன்னை வளர்த்ததாகப் பெருமை பேசுவதற்காக இதைச் சொல்லவில்லை. வளர்த்ததில் நான் செய்த தப்பைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். அதற்கு முன்னால் சில விஷயங்களைச் சொல்லியாக வேண்டும்.

முதலில் நாளைக்கான ஏற்பாடு. ஐந்தரை மணிக்கு நான் சீருடை போட்டுக்கொண்டு ஸ்பெஷல் கிளாஸ் என்று கிளம்பிவிட வேண்டும். நீ எழுந்திருக்கும்போது நான் இருக்கக் கூடாது. நீ என்னைத் தேடுவாய். அப்போது அம்மா, "அக்கா பஸ்ல சீட்டுப் புடிச்சி வெச்சிருக்கறா, ஓடியா, ஓடியா" என்பாள். நீ ஓடுவாய். ஒவ்வொரு சீட்டாகப் பார்ப்பாய். நான் இல்லை என்று நீ கண்டுபிடிப்பதற்குள் பஸ் ஊர் எல்லையைத் தாண்டியிருக்கும். இதை அப்பா நேற்றுச் சாப்பிடும்போது விளக்கினார். கேட்டுக்கொண்டிருந்த பெரியம்மா, "அதான் சரி, அப்பதான் சத்தமில்லாம ஏறுவான்" என்றாள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் சரி என்றேன். அந்தச் சரியை நீ மன்னிக்க வேண்டும் என்றுகூடக் கேட்கத் தோன்றவில்லை. ஏன் சொன்னேன் என்றாவது உனக்குப் புரிந்தால் போதும்.

பென்னாகரம் ரோட்டில் இருக்கும் நம் தெருவில் இது புதிதில்லை. பாதி வீட்டுக்காரர்கள் வெளியூரில் வேலை செய்கிறவர்கள். திருவிழாவுக்கும் பொங்கலுக்கும் வருவார்கள், மூன்று நாள் இருப்பார்கள், போவார்கள். போகிற நேரத்தில் பிள்ளை அழக் கூடாது. அழுதால் போகிறவர்களுக்குக் கால் வராது, பஸ்ஸும் நிற்காது. அதனால் யாராவது ஒருவர் பிள்ளையைப் பின்பக்கம் கூட்டிப்போய் ஏதாவது காட்டுவார்கள். நம் வீட்டில் அது பெரியம்மாவின் வேலை. அவளிடம் எப்போதும் கோழி இருக்கும். "வா கண்ணு, கோழிக்குஞ்சு பாக்கலாம்" என்பாள். திரும்பி வரும்போது வீட்டில் அம்மா அப்பா இருக்க மாட்டார்கள். ஏமாற்றிவிட்டுப் போவது என்றுதான் ஊரிலும் இதைச் சொல்வார்கள், வெட்கப்படாமல், ஒரு கைவேலையைச் சொல்வதுபோல. "எப்பிடிக் கெளம்புனீங்க?" "புள்ளய ஏமாத்திட்டுதான் வந்தம்." இப்போது நம் தெருப் பிள்ளைகளிடம் யாராவது கோழிக்குஞ்சு பார்க்கலாம் என்று சொன்னால், அவை குஞ்சைப் பார்ப்பதில்லை. யார் பையைக் கட்டி வைத்திருக்கிறார்கள் என்று வாசல் பக்கம் திரும்பிப் பார்க்கின்றன. பெரியவர்கள் அதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

எனக்கு அது முதன்முதலில் நடந்தபோது ஆறு வயது. பெரியம்மாவின் கருங்கோழி பதினோரு குஞ்சு பொரித்திருந்தது. அதைக் காட்டச் சொல்லி நாலு நாளாக நச்சரித்துக்கொண்டிருந்தேன். தாய்க்கோழி கொத்தும் என்று விடவில்லை. ஐந்தாம் நாள் காலையில் அவளே வந்து கூப்பிட்டாள். நான் குதித்துக்கொண்டு ஓடினேன். கூடையைத் தூக்கி ஒரு குஞ்சை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். அது சூடாக இருந்தது. ரொம்ப நேரம் வைத்துக்கொள்ள விட்டாள். இவ்வளவு நேரம் எதற்கு விடுகிறாள் என்று தோன்றியது, ஆனால் சந்தோஷமாக இருந்ததால் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்தபோது அம்மாவின் பச்சைப் பை மாட்டியிருந்த ஆணி வெறுமையாக இருந்தது.

அன்றைக்கு நான் ஒரு கணக்குப் போட்டேன், சின்னு. யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. நான் குஞ்சு கேட்டேன், குஞ்சு கிடைத்தது, அம்மா போய்விட்டாள். அப்படியென்றால் நான் எதையாவது கேட்டால் யாராவது போய்விடுவார்கள். ஆறு வயதில் போட்ட அந்தக் கணக்கு தப்பென்று எனக்கு இப்போது தெரியும். ஆனால் என் உடம்புக்குத் தெரியவில்லை. இன்றைக்கும் யாராவது எனக்கு நல்லது செய்தால் ஓரடி பின்னால் நகர்ந்துவிடுகிறேன். பிறந்த நாளுக்கு யாராவது மிட்டாய் கொடுத்தால், இவர் எங்கே கிளம்புகிறார் என்றுதான் முதலில் நினைக்கிறேன். நோட்டு வேண்டும், பேனா வேண்டும் என்று வாயைத் திறந்து கேட்டதில்லை. டீச்சர்கள் என்னைத் தொந்தரவு இல்லாத பெண் என்பார்கள்.

இந்தக் கணக்கு எவ்வளவு தூரம் கூடவே வரும் என்பதை என் சிநேகிதி கௌசல்யாதான் எனக்குக் காட்டினாள். பதினொன்றாம் வகுப்பில் அவள் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் யாரோடும் அவ்வளவு ஒட்டியதில்லை. அவள் கொண்டுவரும் களியில் பாதி எனக்கு, என் தக்காளித் தொக்கில் பாதி அவளுக்கு. ஒரு திங்கட்கிழமை அவள் வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. புதனன்று நான் இடம் மாறிக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். வியாழக்கிழமை அவள் வந்து என்னைத் தேடியபோது நான் புத்தகத்தில் முகத்தை வைத்துக்கொண்டேன். இரண்டு வாரம் பேசவில்லை. அந்த மூன்று நாளில் என் மனசு என்னென்ன செய்தது தெரியுமா? அவளுக்கு என்னைப் பிடிக்கவில்லை, என் தலையில் எண்ணெய் நாற்றம் அடிக்கிறது என்று யாரிடமோ சொல்லியிருக்கிறாள், வேறு செக்ஷன் கேட்டு ஹெட்மாஸ்டரிடம் போயிருக்கிறாள். ஹெட்மாஸ்டர் அவளிடம் என்ன கேட்டார், அவள் என்ன பதில் சொன்னாள் என்றுகூட எனக்குக் கேட்டது. கடைசியில் ஒரு நாள் சைக்கிள் ஸ்டாண்டில் அவள் என் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன்டி பேச மாட்டேங்கற?"

"நீதான வரல."

"எனக்கு அம்ம போட்டிருந்துச்சிடி, லூசு! இங்க பாரு தழும்ப. ஒடம்பெல்லாம் வேப்பிலையத் தடவிக்கினு நானே படுத்துக் கெடந்தன். மூணே நாள்ல எந்திரிச்சி உன்னப் பாக்கத்தான் ஓடியாந்தன். டீச்சரே திட்டி வூட்டுக்கு அனுப்பிச்சாங்க."

நான் சைக்கிளை இழுத்தேன். அவள் விடவில்லை. "நீ என்னா கண்டக்டரா? ஏறி உக்காரதுக்கு முன்னாடியே விசில் அடிச்சி எறக்கி வுடற?"

நான் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். ஆனால் அன்று வீட்டுக்கு வரும் வழியில், புளிய மரங்களுக்குக் கீழே சைக்கிளைத் தள்ளிக்கொண்டே, அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று, அவள் மூன்று நாள் வரவில்லை. மற்றதெல்லாம் நான் சேர்த்தது. அவள் போய்விடுவாள் என்று பயந்து, அதற்கு முன்னால் நானே போய்விட்டேன். விட்டுவிட்டுப் போகிறவர்களைப் பார்த்தே வளர்ந்ததில் எனக்கும் அந்த வேலை நன்றாக வந்துவிட்டது. உனக்கும் இப்படி ஒரு நாள் வரும். நீ காத்திருக்கும் பெண் சொன்ன நேரத்துக்கு வர மாட்டாள், போனை எடுக்க மாட்டாள். உன் மனசு கதை கட்டும். அப்போது உனக்குத் தெரிந்தது எது, நீ சேர்த்தது எது என்று பிரித்துப் பார். பிரித்த பிறகும் பயமாகத்தான் இருக்கும். இருந்தாலும் எழுந்து போய்விடாதே. அவள் வரும்வரை உட்கார்ந்திரு, வந்ததும் கேள்.

இனி உன்னைப் பற்றி. நீ செருப்பு ஒளிப்பாய். இதை யாராவது உனக்கு வேடிக்கையாகச் சொல்லியிருப்பார்கள். நம் வீட்டுக்கு யார் வந்தாலும், அவர்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும்போது ஒரே ஒரு செருப்பை மட்டும் எடுத்துப்போய் எங்காவது செருகிவிடுவாய். ஒரு முறை கரண்டு மீட்டர் பார்க்க வந்தவருடைய செருப்பைக் காணவில்லை. அவர் ஒற்றைக் காலில் கொதிக்கும் சிமெண்டுத் தரையில் நொண்டிக்கொண்டு, "தம்பி, நான் இன்னும் நாப்பது வூடு போவணுங்க சாமி" என்று உன்னைக் கும்பிட்டார். நீ தூணைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றாய். கோழிக்கூடைக்கு அடியிலிருந்து பெரியம்மாதான் எடுத்துக் கொடுத்தாள். "இவனுக்குப் பொண்ணு குடுக்க வர்றவங்கள்லாம் வெறுங்கால்லதான் ஊரு போய்ச் சேரணும்" என்றாள். தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு ஒரு நாள் கவனித்தேன். யாரென்றே தெரியாத ஒரு மீட்டர்காரர்கூட நம் வீட்டை விட்டுப் போவதை உன்னால் தாங்க முடியவில்லை.

பெரியவனான பிறகு நீ செருப்பை ஒளிக்க மாட்டாய். வேறு எதையாவது ஒளிப்பாய். எங்கே இருக்கிறாய், யாரோடு இருக்கிறாய் என்று ஒரு நாளைக்கு முப்பது தடவை போன் செய்வது ஒரு செருப்பு. அவள் அம்மா வீட்டுக்குக் கிளம்பும் நாளில் உனக்குக் காய்ச்சல் வருவது ஒரு செருப்பு. அவள் உன்மேல் கோபப்பட்டால் புரிந்துகொள். அவள் போவது உன்னை விட்டு இல்லை, நாற்பது வீட்டுக்குப் போகவேண்டிய வேலை அவளுக்கும் இருக்கிறது. நீ கட்டிக்கொள்ளப்போகும் பெண்ணிடம் இந்தப் பக்கத்தைக் காட்டு. எனக்கு ஒன்றும் வெட்கமில்லை.

இப்போது என் தப்பு. இதுவரை சுற்றிச் சுற்றி எழுதிக்கொண்டிருந்தது இதைத் தள்ளிப்போடத்தான். போன வருடம் எனக்குக் காலாண்டுப் பரீட்சை. நீ பால்வாடி வாசலில் என் தாவணியைப் பிடித்துக்கொண்டு கத்தினாய். தினமும் கத்துவாய், தினமும் கையைப் பிரித்துவிட்டு ஓடுவேன். அன்று கணக்குப் பரீட்சை, சைக்கிள் பஞ்சர், பஸ் வந்துவிட்டது, உன் மூக்குச்சளி என் தாவணியெல்லாம். நான் குனிந்து உன் காதில், "இன்னொரு வாட்டி அழுதீன்னா அக்காவும் பெங்களூரு போயிடுவன், திரும்பி வரவே மாட்டன்" என்றேன். நீ உடனே நிறுத்தினாய். இரண்டு உள்ளங்கையையும் வாய்மேல் வைத்து அழுத்திக்கொண்டாய். கண்ணிலிருந்து தண்ணீர் வந்துகொண்டிருந்தது, சத்தம் மட்டும் வரவில்லை. நான் பஸ்ஸைப் பிடித்துவிட்டேன். நல்ல மார்க்கும் வந்தது.

அதற்குப் பிறகு நீ அழவே இல்லை. ஒரு வருடமாகிறது. பால்வாடி டீச்சர் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "உன் தம்பி தங்கம்மா. வுட்டுட்டுப் போனா திரும்பிக்கூடப் பாக்க மாட்டான். மத்தது எல்லாம் என் உசுர எடுக்குதுங்க" என்பாள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, நான் பொய் சொல்லவில்லை. தெருவில் எல்லாரும் உன்னைச் சமத்து என்றார்கள். ஊசி போட்டால் அழுவதில்லை, விழுந்தால் அழுவதில்லை. அழாத பிள்ளையை எல்லாருக்கும் பிடிக்கிறது. ஒருத்தரும் ஏன் அழவில்லை என்று கேட்கவில்லை. எனக்கு மட்டும் காரணம் தெரியும், அதனால் நானும் கேட்கவில்லை.

ஆடி மாதம் அம்மாவும் அப்பாவும் வந்திருந்தார்கள். அம்மா வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். நீ அவள் முன்னால் போய் நின்று, "நீங்க எப்பப் போவீங்க?" என்று கேட்டாய். நீ சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்டாய். வந்தவர்களிடம் நீ கேட்கும் முதல் கேள்வியே அதுதான். அம்மாவின் முகம் போன போக்கைப் பார்த்து நான் உள்ளே போய்விட்டேன். அன்று சாயந்திரம் நீ ஓடிவந்து கருங்கல்லில் விழுந்தாய். முழங்கால் பிளந்து ரத்தம் காலில் ஒழுகியது. அம்மா இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு எழுந்தாள். நீ அவள் கைகளுக்குப் பக்கத்திலேயே நடந்து அவளைத் தாண்டி, பின்பக்கம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த என்னிடம் வந்து காலைக் காட்டினாய். ஒரு கையால் வாயைப் பொத்தியிருந்தாய். உன் பின்னாலேயே வந்த அம்மா எல்லாவற்றையும் பார்த்தாள். அந்தக் கை ஏன் வாய்மேல் இருக்கிறது என்று என்னைக் கேட்டாள். வழக்கம்தான் என்றேன்.

அன்று ராத்திரி அம்மா முடிவு செய்துவிட்டாள். புள்ளைக்கு என்னைத் தெரியல, அடுத்த வாட்டி வரும்போது நம்மகூடக் கூட்டிப் போயிடலாம் என்று அப்பாவிடம் சொன்னதைப் படுத்துக்கொண்டே கேட்டேன். இவளுக்கும் பிளஸ் டூ, எத்தினி நாளைக்குத்தான் இவ தலையில கட்டறது என்றாள். அவள் சொன்னது நியாயம். அவள் உன் அம்மா, உன்னை அவளிடம் கொடுக்க மாட்டேன் என்று சொல்ல நான் யார்? இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அதைக் கேட்டதும் ஒரு நிமிஷம் எனக்கு நிம்மதியாக இருந்தது. காலையில் ஆறு மணிவரை தூங்கலாம், கௌசல்யாவோடு டியூஷன் போகலாம் என்று நினைத்தேன். அடுத்த நிமிஷம் உன் கால் என்மேல் விழுந்தது. அதற்குப் பிறகு இத்தனை நாளாக எனக்குச் சரியான தூக்கமே இல்லை.

இன்று மத்தியானம் அம்மா உன் துணிகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றையும் விரித்துப் பார்த்து, இது எப்போது எடுத்தது, இது இன்னும் சேருமா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். நீ பெரியம்மா வீட்டில் இருந்தாய். அதுதான் சமயம் என்று நான் வாயைத் திறந்தேன். கேட்டுப் பழக்கமில்லாததால், உன் டிரவுசர் ஒன்றை எடுத்து மடித்துக்கொண்டே கேட்டேன்.

"ம்மா, சொல்லிட்டே கூட்டினு போலாம்மா. அவனுக்குப் புரியும்."

"புரிஞ்சா அழுவான்."

"அழுவட்டும்."

"நீ சுலுவாச் சொல்லிடுவ. பஸ்ஸுல மடியில வெச்சிக்கினு உக்காரப் போறது நானு. அக்கா அக்கான்னு அவன் கத்துனா, பக்கத்து சீட்டுக்காரி யாரு புள்ளயத் தூக்கினு போறன்னு கேப்பா. என் புள்ளதாங்கன்னு சொன்னா நம்புவாளா? பாப்பா, இவனே இல்லம்பான்."

அவள் உன் சிவப்புச் சட்டையின் பட்டனைத் திருகிக்கொண்டே, "உன்னையும் அப்படித்தான வுட்டுட்டுப் போனம்? நீ என்ன கெட்டாப் போயிட்ட? நல்லாத்தான் படிக்கற, நல்லாத்தான் இருக்கற" என்றாள்.

அதற்குப் பதில் இந்த நோட்டில் இருக்கிறது. நான் தலையைக் குனிந்துகொண்டே, "அன்னைக்கு ஏம்மா சொல்லாமப் போன?" என்று மட்டும் கேட்டேன். பதினோரு வருடமாகக் கேட்காத கேள்வி. அம்மா ரொம்ப நேரம் மடித்ததையே மறுபடி மடித்தாள்.

"சொல்லியிருந்தா நான் போயிருக்க மாட்டன். நீ அழுவறதப் பாத்தா எறங்கிடுவன்னு எனக்கே தெரியும். இப்பக்கூட, பஸ்ஸுல நம்ம வூடு தெரியற பக்கம் உக்கார மாட்டன். உங்கப்பன் உக்காருவாரு. நானு அந்தாண்டதான்."

சின்னு, நான் வேறு மாதிரி நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து என்னைத் தேடியிருப்பாள், நான் குஞ்சு பார்க்கப் போனதால் அவள் கண்ணில் படவில்லை, அதனால்தான் கோபத்தில் அவ்வளவு நாள் வரவில்லை என்று. இன்னொரு வயதில், அவள் தேடியே இருக்க மாட்டாள் என்று. அவள் தேடினால் இறங்கிவிடுவோம் என்று பயந்து வேறு பக்கம் முகத்தைத் திருப்பியிருக்கிறாள். என்னை ஏமாற்றியது என்னை அழவிடாமல் இருக்க என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். அது அவள் அழாமல் இருக்க. இதை ஆறு வயதில் எனக்கு யாராவது சொல்லியிருந்தால் நான் அந்தக் கணக்கைப் போட்டிருக்க மாட்டேனோ என்னவோ. அதனால் அம்மாமேல் நீ கோபம் வைக்காதே. அவளிடம் ஒட்டு. உன்னை அதட்டுவாள், ஆனால் உன் சட்டைப் பட்டனை அவள் பிடித்திருந்த விதத்தை நான் பார்த்தேன். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு கன்னடம் கற்றுக்கொள். அக்காவுக்கு அவர்களும் அக்கா என்றுதான் சொல்வார்களாம், அப்பா சொன்னார்.

சாயந்திரம் முழுக்க நான் ஒரே விஷயத்தைத்தான் யோசித்தேன். நான் ஏன் சரி என்றேன்? அப்பாவுக்குப் பயந்தா? பயம்தான். ரோட்டில் மானம் போனால் அவர் கை நீட்டுவார், அது எனக்குத் தெரியும். ஆனால் அது மட்டும் இல்லை. ஐந்தரைக்கு நான் பையை மாட்டிக்கொண்டு போய்விட்டால், உன் முகத்தை நான் பார்க்க வேண்டியதில்லை. நீ தூங்கும்போதே போய்விடலாம். பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொள்ளலாம். அம்மாவுக்கு எந்தப் பக்கம் வசதியோ எனக்கும் அந்தப் பக்கம்தான் வசதி. நீ எழுந்து தேடுவதும், ஓடுவதும், சீட்டு சீட்டாகப் பார்ப்பதும் என் கண்ணுக்குத் தெரியாது. கௌசல்யா வரவில்லை என்றதும் பெஞ்சு மாறியவள்தானே நான்.

ஆனால் நான் பார்க்காவிட்டாலும் நீ தேடுவாய். அதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது, அப்பாவைவிட. பஸ்ஸுக்குள் நீ என்னைத் தேடி முடித்த பிறகு ஒரு கணக்குப் போடுவாய். அக்கா சீட்டுப் பிடித்து வைத்திருப்பாள் என்று ஓடினோம், அக்கா இல்லை. பெங்களூரு போய்விடுவேன் என்று அவள் சொல்லியிருந்தாள், கடைசியில் நாம்தான் போகிறோம். எங்கோ நாம் அழுதுவிட்டோம் போலிருக்கிறது. அப்படித்தான் நினைப்பாய், எனக்குத் தெரியும், அந்த வாக்கியத்தை உன் காதில் சொன்னவளே நான்தான். அதற்குப் பிறகு உன் வாழ்க்கையில் யார் வந்து, "உனக்காக இடம் பிடித்து வைத்திருக்கிறேன்" என்றாலும் நீ நம்ப மாட்டாய். நல்ல பெண்ணாக இருப்பாள், உண்மையாகவே இடம் பிடித்து வைத்திருப்பாள். நீ வாசலிலேயே நிற்பாய்.

வெளியே பெரியம்மாவின் சேவல் கூவிவிட்டது. நீ வளர்ந்த பிறகு படிக்கட்டும் என்றுதான் இதை எழுத ஆரம்பித்தேன். இருபது வருடம் கழித்து நீ படித்துத் தெரிந்துகொள்வாய், மன்னிப்பாய் என்று. எவ்வளவு சௌகரியமான யோசனை. சொல்லவேண்டிய நாள் இன்றைக்கு இருக்கிறது, நான் இருபது வருடம் தள்ளி உனக்குக் கடிதம் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

அம்மா எழுந்துவிட்டாள். இப்போதுதான் கதவைத் திறந்து பார்த்தாள். நோட்டைப் புத்தகத்துக்குள் தள்ளினேன். "படிச்சது போதும், துணி மாத்திக்கினு கெளம்பு. அவன் பொரண்டு படுக்கறான், முழிச்சிக்கப் போறான்" என்றாள். தலையாட்டினேன். குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போயிருக்கிறாள். அப்பா இன்னும் வெளியே கட்டிலில் படுத்திருக்கிறார். சீருடை கொடியில் தொங்குகிறது. அதை எடுக்கப் போவதில்லை.

அடி விழுந்தால் விழட்டும். நீ அழுவாய், அழ வேண்டும், ஒரு வருடத்து அழுகை உள்ளே இருக்கிறது. அம்மா மடியில் உட்கார்ந்து தர்மபுரிவரை அழுதாலும் சரி, யார் பிள்ளை என்று யாராவது கேட்டாலும் சரி, அவள் பதில் சொல்லிக்கொள்வாள். எத்தனை நாள் என்று கேட்பாய். தெரியாது என்றுதான் சொல்வேன், ஏனென்றால் தெரியாது. நீ ஏன் வரவில்லை என்பாய். பள்ளிக்கூடம் இருக்கிறது என்பேன். நீ ஒன்றும் தப்பு செய்யவில்லை என்பேன். நீ அழுதாலும் நான் உன் அக்காதான், அன்றைக்குச் சொன்னது பொய் என்பேன். பிறகு பஸ் நிற்கும் இடத்துக்கு உன்னை நானே இடுப்பில் தூக்கிக்கொண்டு வருவேன். இதையெல்லாம் முழுசாகச் சொல்ல அம்மா வருவதற்குள் நேரம் இருக்குமா என்று தெரியவில்லை. முதல் வாக்கியம் மட்டும் மனசில் இருக்கிறது. அதைச் சொல்லிக்கொண்டே உன் பக்கத்தில் வந்து உட்காரப் போகிறேன்.

சின்னு, எந்திரி கண்ணு. அக்கா உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்.